இன்னிக்குக் குளிக்க வேண்டாம்

– பட்டன்ல இருந்து கையை எடுங்க அக்கா.

– எடுத்துட்டேன்டா தாடி.

– எங்க எடுத்தீங்க? சட்டப்படி பார்த்தா ரெண்டு பட்டன் ஏற்கெனவே திறந்தாச்சு.

– ம்மா, சீரியஸா, ‘இன்னிக்குக் குளிக்க வேண்டாம்’னு நான் சொல்லி வாய் மூடல. அதுக்குள்ள வெங்காயம் உரிக்கிற மாதிரி உரிக்கிற.

– சட்டை அழுக்கா இருந்துச்சு கண்ணு. கை தானாப் போகுது.

– அழுக்காத்தான் இருக்கும். அப்பா லாரி ஓட்டுற சட்டை. கிழவன் வேஷம் போட எனக்கு இதுதான் கிடைச்சுது.

– அக்கா, போன வாரம் இதே பட்டன்லதான் மாட்டினீங்க. ஞாபகம் இருக்கா? அந்த வெளிநாட்டு சூப்பர்வைசர் மேடம் நம்ம நர்சிங் காலேஜுக்கு வந்து, ஒரு நடிகரைக் கட்டில்ல படுக்க வச்சு, ‘இவர்தான் உங்க பேஷன்ட், உடம்பைத் துடைச்சு விடுங்க’ன்னாங்க. அந்தப் பெரியவர் தெளிவா, ‘இன்னிக்குக் குளிக்க வேண்டாம்’னு சொன்னார். அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?

– ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு, குளிச்சா தெம்பா இருக்கும், கையைத் தூக்கு’ன்னேன்.

– எம்பது வயசு ஆளைப் பார்த்து!

– தூக்கினாரேடா. மறுபேச்சு பேசாம தூக்கினாரே.

– பயத்துல தூக்கினார். நான்தானே பக்கத்துல தண்ணிக் கிண்ணத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ‘காப்பாத்துடா தம்பி’ன்னு என்னையே பார்த்தார் மனுஷன்.

– தாடி அண்ணா, அந்தக் ‘கண்ணு’ கதையைச் சொல்லு. எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு சலிக்கல.

– அதை ஏன் கேக்குற. ‘இவங்க அடிக்கடி கண்ணு கண்ணுன்னு சொல்றாங்களே, அப்படின்னா என்ன’ன்னு மேடம் என்னைக் கேட்டாங்க. நான் இங்கிலீஷ்ல ‘ஐ’ன்னேன். உடனே டார்ச் லைட் எடுத்துக்கிட்டு அந்தப் பெரியவர் கண்ணைப் பார்க்கக் கிளம்பிட்டாங்க.

– சிரிங்க, நல்லா சிரிங்க. ரெண்டு பேரும் சேர்ந்து என் மானத்தைக் கப்பல் ஏத்துங்க.

– கப்பல் எதுக்கு ம்மா, நீ ஃப்ளைட்லயே போகப்போற. நாளைக்குக் காலையில பாஸ் பண்ணினா.

– பண்ணினாத்தானே. வெளிநாட்டு இன்டர்ன்ஷிப்புக்கு மூணு பேரை எடுத்தாங்க. மத்த ரெண்டு பொண்ணுங்களும் முதல் தடவையே பாஸ். நான் மட்டும் அந்தரத்துல தொங்குறேன். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு, அதுவும் அந்த மேடம் நாளைக்கு ஊருக்குக் கிளம்புறதுக்கு முன்னால. அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா?

– உனக்கு இன்னும் அம்பது ஆகல. நாப்பத்திரண்டுதான். அதனால வளைஞ்சுதான் ஆகணும்.

– சரி, திரும்ப முதல்ல இருந்து. பேஷன்ட், பட்டனைப் போடு. அக்கா, நீங்க வெளிய போய் கதவைத் தட்டிட்டு வாங்க.

– என் வீட்டுக் கதவை நானே தட்டணுமா?

– இது வீடு இல்ல, வார்டு. அங்க வயசானவங்க ஆஸ்பத்திரியில ஒவ்வொருத்தருக்கும் ஒரு ரூம். அது அவங்க ரூம். சட்டப்படி பார்த்தா, தட்டாம உள்ள போக டாக்டருக்கே உரிமை இல்ல.

– தட்டுறேன். டொக் டொக்.

– யாரது, வாங்க.

– வணக்கம் ஐயா. நான் நர்சிங் ஸ்டூடன்ட். ரெண்டு மாசம் இன்டர்ன்ஷிப்புக்கு வந்திருக்கேன். இன்னிக்கு உங்களை நான்தான் பார்த்துக்கப் போறேன். உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?

– அருமை அக்கா! ‘எப்படிக் கூப்பிடட்டும்’, அதுக்கே மார்க் உண்டு.

– மகாராஜான்னு கூப்பிடு.

– ஏய் வாலு, விளையாடாத.

– விளையாட்டு இல்ல ம்மா. பேஷன்ட் எப்படிக் கூப்பிடச் சொல்றாரோ அப்படித்தான் கூப்பிடணும். இல்ல தாடி அண்ணா?

– சட்டப்படி சரிதான்.

– சரிங்க மகாராஜா. ராத்திரி தூங்கினீங்களா? வலி இருக்கா? இருக்கும், முதுகு வலி இருக்கும், இந்த மெத்தையில படுத்தா யாருக்குத்தான் வலிக்காது. திரும்பிப் படு கண்ணு, அம்மா தலையணை வைக்கிறேன்.

– கட்! அக்கா, கேட்டீங்க. ஆனா பதிலையும் நீங்களே சொல்லிட்டீங்க. அவர் எதுக்கு அங்க படுத்திருக்கார், வேடிக்கை பார்க்கவா?

– எனக்கு எப்பவுமே அப்படித்தான் அண்ணா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா, ‘எங்கம்மா வலிக்குது’ன்னு டாக்டர் என்னைக் கேப்பார். ‘வயித்துல சார், நேத்துல இருந்து’ன்னு அம்மா சொல்லும். ஒரு தடவை எனக்கு வலிச்சது காது.

– எல்லாத்தையும் இப்பவே சொல்லி முடிச்சிடு. நாளைக்கு மிச்சம் வைக்காத.

– அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஏன் இப்படி ஆகுதுன்னு எனக்குப் புரியுது. நீங்க எத்தனை வருஷம் ஸ்கூல் வேன்ல ஆயாவா இருந்தீங்க?

– இவ எல்.கே.ஜி. சேர்ந்ததுல இருந்து. இவளைத் தனியா அனுப்பப் பயந்துதான் அந்த வேலைக்கே போனேன். ஏறு, உக்காரு, கையை உள்ள வை, டிபன் பாக்ஸை மூடு. பிள்ளைங்ககிட்ட ‘ஏறுறியா கண்ணு, உனக்கு சம்மதமா’ன்னு கேட்டுக்கிட்டு நின்னா வண்டி நகருமாடா?

– நகராது. ஆனா அங்க வண்டி இல்ல. எல்லாரும் ஏறி இறங்கி முடிச்ச ஆளுங்க. ஒருத்தர் ரயில் ஓட்டினவரா இருப்பார். ஒருத்தங்க ஸ்கூல் நடத்தினவங்களா இருப்பாங்க. கை கால்தான் தளர்ந்து போச்சு. ‘வேண்டாம்’னு சொல்ற ஒரு அதிகாரம்தான் அவங்ககிட்ட மிச்சம் இருக்கு. நாம அதையும் பட்டனோட சேர்த்துக் கழட்டக் கூடாது.

– அடடா, தாடி. இதை எங்கடா படிச்ச?

– நானும்தானே அக்கா அந்த இன்டர்ன்ஷிப்புக்கு டெஸ்ட் எழுதினேன். விழுந்து விழுந்து படிச்சேன். முதல் மூணு பேர்ல வரல. படிச்சது உங்களுக்காவது உதவட்டும்.

– பாவம் தாடி அண்ணா. ஆமா, மீசையே சரியா முளைக்கல, உனக்கு யாரு தாடின்னு பேர் வச்சது?

– உங்க அம்மாதான். ‘முளைக்கிறப்ப முளைக்கட்டும், பேரை இப்பவே வச்சிடுவோம்’னாங்க. அதுசரி, எனக்கும் ரொம்ப நாளா ஒரு சந்தேகம். நான் அவங்களை அக்கான்னு கூப்பிடுறேன். நீ என்னை அண்ணான்னு கூப்பிடுற. அம்மாவுக்குத் தம்பி எப்படி உனக்கு அண்ணன் ஆவான்? முறைப்படி பார்த்தா நீ என்னை...

– வாக்கியத்தை முடிச்சே, செருப்பு பறக்கும்.

– முடிக்கல தாயே.

– முதல் நாள் கதை தெரியுமா கண்ணு உனக்கு? நான் கிளாஸ் உள்ள நுழையுறேன், இந்தப் பிள்ளைங்க எல்லாம் எழுந்து நின்னு ‘குட் மார்னிங் மேடம்’ங்குது.

– நாங்க டீச்சர்னு நினைச்சோம். இவங்களாவது ‘நானும் உங்களை மாதிரிதான்’னு சொல்ல வேண்டாமா? ‘உக்காருங்க, சத்தம் போடாதீங்க’ன்னு சொல்லிட்டு முதல் பெஞ்சுல போய் உக்காந்துக்கிட்டாங்க.

– பழக்க தோஷம்டா.

– இன்னொண்ணும் இருக்கு, அதை அக்கா சொல்ல மாட்டாங்க. முதல் தடவை ஆபரேஷன் தியேட்டர்ல நான் மயங்கி விழுந்தேன். அன்னிக்கே பெட்டியைக் கட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டேன். இவங்க பின்னாலயே வந்து என் சட்டைக் காலரைப் பிடிச்சு, ‘இறங்குறதுன்னா கடைசி ஸ்டாப்ல இறங்கு, நடுவுல இறங்கினா அடி விழும்’னாங்க. பஸ் ஸ்டாண்டே வேடிக்கை பார்த்துச்சு.

– அன்னிக்கு மட்டும் அம்மா உன்கிட்ட சம்மதம் கேட்டிருந்தா?

– ஊர்ல மாமா கடையில மூட்டை தூக்கிட்டு இருந்திருப்பேன். அதனால அக்கா, உங்க வழி தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன். ஆனா அந்த மேடம்கிட்ட அந்த வழி எடுபடாது. எழுந்திருங்க. திரும்ப.

– ஒரு டீ போட்டுக் குடிச்சிட்டு...

– பாஸ் பண்ணினா டீ. கதவு!

– படுத்துறானே. டீச்சர்னு நினைச்சு எழுந்து நின்னவன், இப்ப என்னையே பெஞ்சு மேல ஏத்துறான். டொக் டொக்.

– வாங்க.

– வணக்கம் மகாராஜா. நான் நர்சிங் ஸ்டூடன்ட். வெதுவெதுன்னு தண்ணி கொண்டு வந்திருக்கேன். உடம்பைத் துடைச்சு விடட்டுமா?

– இன்னிக்குக் குளிக்க வேண்டாம்.

– சரிங்க மகாராஜா. அப்ப நான் வரேன்.

– எங்க அக்கா போறீங்க?

– வேண்டாம்னாரே. நீதானடா கட்டாயப்படுத்தாதேன்னே.

– கட்டாயப்படுத்தாதீங்கன்னா கைகழுவிட்டு வந்துடுங்கன்னு அர்த்தமா? சட்டப்படி பார்த்தா இது முதல்ல பண்ணினதை விடப் பெரிய தப்பு. ‘ஏன்’னு கேளுங்க. குளிருதா, கூச்சமா, வேற ஏதாவது வலியா, யாராவது பொம்பளை துடைக்க வேண்டாம்னு நினைக்கிறாரா. கேட்டுட்டு சும்மா நில்லுங்க.

– சும்மான்னா?

– வாயை மூடிட்டு.

– அதுதான்டா வராது எனக்கு.

– அம்மா தூங்கும்போதுகூடப் பேசும் அண்ணா. போன வாரம் ‘கையை உள்ள வை’ன்னு கத்துச்சு, நான் எழுந்து கையைப் போர்வைக்குள்ள வச்சுக்கிட்டேன்.

– அக்கா, நான் சொல்றதைக் கேளுங்க. கேள்வியைக் கேட்டதும் நாக்கை மேலண்ணத்துல ஒட்ட வச்சுக்கோங்க. அவர் பேசுற வரைக்கும் எடுக்காதீங்க. நாளைக்கு அந்த மேடம் பார்க்கப்போறது இதை ஒண்ணைத்தான். வாலு, நீயும் சும்மா மகாராஜா வேஷம் கட்டாத. நிஜமாவே ஒரு காரணத்தை மனசுல வச்சுக்கோ. அவங்க ஒழுங்காக் கேட்டா மட்டும் சொல்லு.

– நிஜக் காரணமா?

– எதையாவது.

– சரி. இருக்கு.

– டொக் டொக். வரலாமா?

– வாங்க.

– தண்ணி வெதுவெதுன்னு இருக்கு. இப்பத் துடைச்சு விடட்டுமா?

– வேண்டாம்.

– சரிங்க. உங்களுக்கு வேண்டாம்னா வேண்டாம். ஏன்னு தெரிஞ்சுக்கலாமா?

– ...

– ...

– அப்படித்தான் அக்கா. நாக்கு. நாக்கு.

– குளிப்பாட்டி, தலை வாரி, நல்ல சட்டை போட்டு விடுவீங்க. அப்புறம் டிஸ்சார்ஜ் பண்ணி என்னை ஒரு வீட்டுக்கு அனுப்பிடுவீங்க. அதுக்குத்தான் இந்த ஜோடனை எல்லாம். எனக்குத் தெரியும்.

– சபாஷ், என்னமா நடிக்கிறா பாருங்க. கேளுங்க அக்கா, விடாதீங்க.

– எந்த வீட்டுக்கு அனுப்புறாங்க ஐயா?

– சொந்தக்காரங்க வீடுதான். பெரிய வீடு. தனி ரூம், தனி மேஜை, எல்லாம் இருக்கு. ரெண்டு மாசம் அங்க இருன்னு முடிவு பண்ணியாச்சு. பெட்டிகூட அடுக்கியாச்சு. போறியான்னு மட்டும் யாரும் என்னைக் கேக்கல.

– கண்ணு, நீ இப்ப...

– அக்கா, ‘கண்ணு’ வந்துடுச்சு. ஐயான்னு... ஓ. அக்கா, நான் கொஞ்ச நேரம் வெளிய நிக்கட்டுமா?

– வேண்டாம் அண்ணா, நில்லு. நீ இருந்தாத்தான் அம்மா குறுக்க பேசாம இருக்கும்.

– உன் சித்தி வீட்டைச் சொல்றியா? நான் இல்லாத ரெண்டு மாசம் நீ நல்லா இருக்கணும்னுதானேடி அங்க ஏற்பாடு பண்ணினேன்? உங்க அப்பா லாரியில ராத்திரி எல்லாம் ரோட்டுல. ஸ்கூல்ல உனக்குக் கடைசி வருஷம். சித்தி வீட்டுல வேளாவேளைக்கு சாப்பாடு, ஏசி...

– அக்கா.

– என்னடா?

– நாக்கு.

– ...

– ...

– கேக்குறேன். உனக்கு அங்க போக வேண்டாமா?

– வேண்டாம்.

– ஏன்னு தெரிஞ்சுக்கலாமா?

– ...

– ...

– போன மாசம் சித்தி வீட்டுக்கு நாலு நாள் போயிருந்தேன்ல. அவங்க ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் வந்திருந்தாங்க. ‘உன் அக்கா என்ன பண்றா’ன்னு ஒருத்தங்க கேட்டாங்க. சித்தி சொல்லுச்சு, ‘அவளா, பல்லு விழுற வயசுல பையைத் தூக்கிட்டு காலேஜ் போறா. இப்ப வெளிநாடு போய் கிழவன் கிழவிக்குக் கழுவி விடப் போறாளாம்’னு. எல்லாரும் சிரிச்சாங்க. சித்தியும் சிரிச்சுது.

– அவளா சொன்னா? நான் இடுப்புல தூக்கி வளர்த்தவ.

– நான் சும்மா இருக்கல. ‘ஆமா, கழுவி விடத்தான் போறாங்க. உங்களுக்கும் வயசாகும், அப்ப எங்க அம்மா மாதிரி ஒருத்தர் கிடைச்சா நீங்க கொடுத்து வச்சவங்க’ன்னு சொன்னேன். சித்தி அன்னிக்கு ராத்திரி முழுக்க என்கிட்ட பேசல. ‘வாய் அப்படியே அவ அம்மா’ன்னு சித்தப்பாகிட்ட சொன்னது மட்டும் காதுல விழுந்துச்சு.

– ஏன் கண்ணு என்கிட்ட சொல்லல?

– சொன்னா நீ என்ன பண்ணுவ? ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல, அவ குணம் அப்படி, பெரியவங்களை எதிர்த்துப் பேசாத’ன்னு எனக்கும் சேர்த்து பதில் சொல்லிடுவ. இல்லைன்னா சண்டை போடப் போவ, அந்தக் கோவத்துல படிப்பை விட்டுடுவ. ரெண்டும் எனக்கு வேண்டாம்.

– அப்பவே போன் பண்ணி அழுதிருக்கலாமே.

– நான் எதுக்கு அழணும்? எனக்கு அழுகையே வரல ம்மா. கோவம்தான் வந்துச்சு. உனக்கு ஒண்ணு தெரியுமா? எங்க கிளாஸ்ல ‘அம்மா என்ன பண்றாங்க’ன்னு டீச்சர் வரிசையாக் கேட்டுட்டு வந்தாங்க. பேங்க், கடை, வீட்டுல இருக்காங்க, டாக்டர்னு ஆளாளுக்கு சொன்னாங்க. நான் எழுந்து ‘படிக்கிறாங்க’ன்னேன். கிளாஸே சிரிச்சுது. ‘எத்தனை தடவை ஃபெயில்’னு பின்னாடி பெஞ்சுல ஒருத்தன் கேட்டான்.

– ஐயோ, அதுக்கு நீ?

– ‘வேன்ல ஒரு குழந்தைக்கு வலிப்பு வந்துச்சு. எங்க அம்மா அதை மடியில போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாங்க. அங்க ஒரு நர்ஸ் அந்தக் குழந்தையைப் பக்கவாட்டுல திருப்பிப் படுக்க வச்சாங்க, அவ்வளவுதான். இது தெரியாமப் போச்சேன்னு எங்க அம்மா, இதை எங்க சொல்லித் தருவாங்கன்னு அந்த நர்ஸையே கேட்டுட்டு நர்சிங் காலேஜுல சேர்ந்தாங்க. உங்க வீட்டுல யாராவது தெரியாதது ஒண்ணைத் தெரிஞ்சுக்க முதல் பெஞ்சுல போய் உக்காந்திருக்காங்களா’ன்னு கேட்டேன். டீச்சர் கை தட்டினாங்க.

– அக்கா, கண்ணைத் துடைங்க. உங்க முகம் ஈரமா இருந்தா மார்க் குறையாது, ஆனா எனக்கு ஒரு மாதிரி இருக்கு.

– துடைக்கிறேன்டா. இருடா. என் பொண்ணு என்னைப் பத்தி இவ்வளவு பேசியிருக்கா, எனக்குத் தெரியாமப் போச்சே. பெத்ததுக்கு இதை விட என்ன வேணும் எனக்கு?

– அக்கா, டெஸ்ட் இன்னும் முடியல. காரணம் தெரிஞ்சாச்சு. இப்ப என்ன கேக்கணும்?

– தெரியும். கேக்குறேன். கண்ணு... இல்ல. உன்னை எப்படிக் கூப்பிடட்டும்?

– கண்ணுன்னே கூப்பிடு ம்மா. எனக்குப் பிடிக்கும்.

– கண்ணு, உனக்கு என்ன வேணும்?

– நான் இங்கயே இருக்கணும். நம்ம வீட்டுல. இந்தக் கட்டில்ல. அப்பாகிட்ட பேசிட்டேன். ரெண்டு மாசம் உள்ளூர் லோடு மட்டும்தான் ஏத்துவாராம், ராத்திரி வீட்டுக்கு வந்துடுவாராம். மாடி வீட்டு டீச்சர்கிட்டயும் சொல்லிட்டேன். அப்பா வர லேட் ஆனா அவங்க வீட்டுல உக்காந்து படிப்பேன். சோறு வடிக்கத் தெரியும். முட்டை பொரிக்கத் தெரியும். ரெண்டு மாசத்துல யாரும் முட்டை தின்னு செத்ததா சரித்திரம் இல்ல.

– அப்பனும் மகளும் என்னைக் கேக்காமலே எல்லாத்தையும் பேசி முடிச்சிட்டீங்க.

– நீ மட்டும் சித்தி வீட்டை என்னைக் கேட்டா முடிவு பண்ணின?

– ...

– அக்கா, இப்ப நாக்கை எடுக்கலாம். இந்த இடத்துல பதில் சொல்லணும்.

– என்னத்தைடா சொல்ல. கேஸை மூடுவாளா, கதவைப் பூட்டுவாளா, ஜுரம் வந்தா யார் பார்ப்பான்னு நூறு கேள்வி வருது. எல்லாத்தையும் கேட்டா இவளைத் திரும்ப வேன்ல ஏத்தினதாயிடும்.

– ஒண்ணு கேளு. அனுமதி தரேன்.

– பயமா இருந்தா உடனே போன் பண்ணுவியா? எனக்கு அங்க எந்நேரமா இருந்தாலும்?

– பண்ணுவேன். நீ பயந்தாலும் எனக்குப் பண்ணணும்.

– பண்றேன். சரி கண்ணு. இங்கயே இரு. சித்திகிட்ட நானே பேசுறேன்.

– சண்டை போடுவியா?

– போட மாட்டேன். ‘என் பொண்ணு வேண்டாம்னுட்டா’ன்னு சொல்லுவேன். ஏன்னு அவ கேப்பா. என்னை மாதிரி அவளுக்கும் வாயை மூடிட்டு நிக்கத் தெரிஞ்சா காரணத்தையும் சொல்லுவேன்.

– தாடி அண்ணா, மார்க்கு?

– மார்க்கா? பேஷன்ட் வேண்டாம்னாங்க, கையை எடுத்துட்டாங்க. காரணம் கேட்டாங்க, காத்திருந்தாங்க. பிடிக்காத பதில் வந்தும் தாங்கிக்கிட்டாங்க. இதுக்கு மேல அந்த மேடமே வந்தாலும் குறை சொல்ல முடியாது. பாஸ் அக்கா. சத்தியமா பாஸ். நாளைக்கு இதே மாதிரி நின்னீங்கன்னா, ஃப்ளைட்ல ஜன்னல் சீட்டு உங்களுக்குத்தான்.

– ம்மா, இப்பவாவது இந்தச் சட்டையைக் கழட்டலாமா? டீசல் நாத்தம் மூக்கைத் துளைக்குது.

– நீயே கழட்டிக்கோ. நான் பட்டனைத் தொட மாட்டேன். தாடி, உக்காருடா, டீ போடுறேன். குடிச்சிட்டுப் போறியா? பாரு, கேட்டுட்டேன்.

– குடிக்கிறேன் அக்கா. சர்க்கரை தூக்கலா.

– ஏன்டா, ஆபீஸ்ல என்னமோ சொன்னாங்களே, நான் பாஸ் பண்ணலைன்னா என் இடத்துக்கு வெயிட்டிங்ல ஒரு ஆள் இருக்குன்னு. பேரைத்தான் யாருக்கும் சொல்லல. அந்தப் பிள்ளையை நினைச்சாத்தான் மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு. நாம இங்க கூத்தடிச்சுக்கிட்டு இருக்கோம். அது எங்கயோ உக்காந்து, நான் தோக்கணும்னு வேண்டிக்கிட்டு இருக்கும். அதைத் தப்பு சொல்லவும் முடியாது, பாவம்.

– வேண்டிக்கல அக்கா. சாயங்காலத்துல இருந்து கட்டில் பக்கத்துல நின்னு, உங்களைத்தான் திட்டிக்கிட்டு இருக்கான்.